மேட்டுச் சாலையில் எழும் சப்தமும் மஞ்சள் விளக்கும்

பழைய பிக்கப் வண்டி வாங்கியவர்கள், அது கைக்கு வந்த சில வாரங்களிலேயே இரண்டு குறைகளைச் சேர்த்துச் சொல்வதுண்டு. பாரம் ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது எஞ்சினிலிருந்து கிணுகிணுவென்று ஓர் உலோகச் சப்தம் கிளம்புகிறது என்பது ஒன்று. எஞ்சினைப் பரிசோதிக்கச் சொல்லும் மஞ்சள் விளக்கு அணையாமல் எரிகிறது என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே காலத்தில் தோன்றுவதால் இரண்டும் ஒரே பழுதின் அடையாளங்கள் என்றும், விளக்குக்குரிய எண்ணைப் படித்து, அந்த எண் பெயர் சொல்லும் சென்சாரை மாற்றிவிட்டால் சப்தமும் தானே ஓய்ந்துவிடும் என்றும் நினைப்பது சகஜம். அந்த நினைப்பினால் நல்ல நிலையிலிருந்த சென்சார்களைக் கழற்றி எறிந்துவிட்டு, உண்மையான பழுதைத் தொடாமலே விட்டவர்கள் அநேகர். சப்தத்துக்கு ஒரு விசாரணை, விளக்குக்கு ஒரு விசாரணை என்று தனித்தனியே நடத்தி, இரண்டும் ஓரிடத்தில் கூடுகின்றனவா என்பதைக் கடைசியில் பார்ப்பதே பணமும் எஞ்சினும் வீணாகாத வழி.

பொதுப்படப் பேசுவதைவிட ஒரு வண்டியைக் குறிப்பாக எடுத்துக்கொள்வது நலம். 1994 மாடலாக உருமாறி வெளிவந்து, 2001 வரை அதே வடிவில் தயாரான டாட்ஜ் ராம் 1500 பிக்கப்பை, அதிலும் மேக்னம் என்னும் வி-8 பெட்ரோல் எஞ்சின் பூட்டியதை, உதாரணமாகக் கொள்வோம். 5.2 லிட்டர், 5.9 லிட்டர் என்று இரண்டு அளவுகளில் வந்த இந்த எஞ்சின், வார்ப்பிரும்பாலான கட்டுறுதியும் எளிய அமைப்பும் உடையது. அமெரிக்காவில் பண்ணை வேலைக்கும் படகு இழுப்பதற்கும் மரம் ஏற்றுவதற்கும் பல வருஷங்கள் உழைத்துவிட்டு, பிறகு இரண்டாம் கைக்கும் மூன்றாம் கைக்கும் வருவது. ஆயினும் அதற்கென்றே ஒரு சுபாவக் குறை உண்டு. நாம் பேசும் சப்தத்தையும் விளக்கையும் சேர்த்தே கொண்டுவர வல்ல குறை அது. அதை அறிவதற்கு முன், சப்தம் ஏன் பிறக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சப்தம்

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் பொறியிட்டதும், அங்கே பற்றிய தீ சிலிண்டருக்குள் அடைந்திருக்கும் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையின் ஊடே, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒழுங்காகப் பரவிச் செல்ல வேண்டும். தீ வந்து சேருவதற்கு முன்பே, தூர மூலையில் நெருக்குண்டு கிடக்கும் கடைசிப் பகுதிக் கலவை, தன்மேல் ஏறிய அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் தாங்க மாட்டாமல் தானாகவே ஒரே கணத்தில் வெடித்துவிடுமானால், அந்த அதிர்ச்சி அலை சிலிண்டர்ச் சுவரையும் பிஸ்டன் தலையையும் அறைந்து, பித்தளைச் செம்புக்குள் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்கினாற்போல் ஒரு சப்தத்தை வெளியிலுள்ளவர் காதுக்குக் கொண்டுவருகிறது. மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். லேசாக, எப்போதாவது கேட்டால் பெரும் சேதமில்லை. பாரத்தோடு நெடுந்தூரம் இதைச் சகித்துக்கொண்டே ஓட்டினால் பிஸ்டனின் வளையப் பள்ளங்கள் நொறுங்குவதும், தலையில் ஓட்டை விழுவதும், ஹெட் கேஸ்கட் கிழிவதும் உண்டு.

இந்தச் சப்தத்தை மற்றச் சப்தங்களிலிருந்து பிரித்தறிய அதற்குரிய சந்தர்ப்பமே சிறந்த துணை. எஞ்சின் நன்றாகச் சூடேறியபின், மேல் கியரில், 1500-க்கும் 2500-க்கும் இடைப்பட்ட சுழற்சியில், வண்டி சிரமப்பட்டு ஏறும்போது கேட்கிறதா? ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சற்றே தளர்த்தினதும், அல்லது ஒரு கியர் இறங்கினதும், உடனே மறைந்துவிடுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது நாக்கிங்தான். காலையில் குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக்கென்று கேட்டு, சூடேறச் சூடேற அடங்கிவிடுவது, பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒரு போல்ட் உடைந்தோ வார்ப்பில் விரிசல் கண்டோ புகை கசிவதன் அடையாளம். அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் கனத்து ஒலித்து, பாரமில்லாதபோதும் எஞ்சின் வேகத்தோடு வேகமாகக் கேட்பது பேரிங் தேய்ந்ததைச் சொல்லும். அதைக் கேட்டபின் அந்த வண்டியை ஓட்டவே கூடாது. சைலன்சரின் மேல் தகடு தளர்ந்து குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மாத்திரம் அதிர்வதை நாக்கிங் என்று மயங்கி, எஞ்சினைப் பிரித்தவர்களும் இருக்கிறார்கள். ஆகையால் வண்டிக்கடியில் படுத்து அந்தத் தகடுகளைக் கையால் ஆட்டிப் பார்ப்பது அற்பமான காரியமன்று.

நாக்கிங் என்று நிச்சயமானபின் முதலில் சந்தேகிக்கப்படுவது பெட்ரோல். கலவை தானாக வெடித்துவிடாமல் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதை ஆக்டேன் எண் அளக்கிறது. இந்தியாவில் பங்க்குகளில் 91 என்று பார்த்துப் பழகியவர்கள் அமெரிக்க பம்ப்பில் 87 என்று கண்டு, இது மட்டரகம் போலும் என்று திகைப்பதுண்டு. அளக்கும் முறையில்தான் வித்தியாசம். அமெரிக்கர் இரண்டு விதமான பரிசோதனைகளின் சராசரியை எழுதுகிறார்கள்; இந்தியாவில் அவ்விரண்டில் உயர்ந்த எண்ணைத் தரும் பரிசோதனையை மாத்திரம் எழுதுகிறார்கள். ஆகவே அந்த 87-ம் இந்த 91-ம் ஏறத்தாழ ஒரே தரந்தான். மேக்னம் எஞ்சினின் அழுத்த விகிதம் சுமார் 9-க்கு 1. இவ்வளவு சாதுவான விகிதத்துக்கு 87 பொதுவாகப் போதும். போதாமல் சப்தம் எழுகிறதென்றால் எஞ்சினுக்குள் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். 93 எண் பெட்ரோலை ஊற்றிச் சப்தத்தை அடக்குவது பரீட்சைக்காக ஒரு டாங்க் செய்து பார்க்கத்தக்கதே தவிர, நிரந்தரமாகக் கைக்கொள்ளத்தக்கதன்று. மாறியது இன்னதென்று தெரியாமலே அது மேலும் மாறிக்கொண்டிருக்க நாமே இடங்கொடுத்தவர்களாவோம்.

மலைநாட்டில் வாங்கிய வண்டியானால் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கடல் மட்டத்துக்கு 1600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர் போன்ற ஊர்களில் காற்றின் அடர்த்தி குறைவு. சிலிண்டரில் நிரம்பும் கலவையும் குறைவு. அதனால் அங்கே 85 எண் பெட்ரோலையே சாதாரண ரகமாக விற்கிறார்கள். அந்தப் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு சமவெளிக்கு இறங்கி வந்தால், மலைமேல் வாய் திறவாதிருந்த எஞ்சின் கீழே சப்தமிடக்கூடும்.

இந்தச் சப்தத்தை ஒழிப்பதற்காக மனிதர் கொடுத்த விலையும் இங்கே குறிப்பிடத்தக்கது. 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சிக் கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லியின் குழுவினர், ஈயம் கலந்த ஒரு திரவத்தைச் சிறிதளவு சேர்த்தால் நாக்கிங் அடங்கிவிடுகிறது என்று கண்டார்கள். 1923-ல் ஒஹையோ மாகாணத்து டேட்டன் நகரில் அது விற்பனைக்கு வந்தது. அதன்பின் பல தலைமுறைகள் சாலையோரத்துக் குழந்தைகள் ஈயப் புகையைச் சுவாசித்தே வளர்ந்தார்கள். அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு அது முற்றிலும் தடையானது 1996-ல்தான். எஞ்சினின் சப்தத்தை, அதன் காரணத்தைத் தேடாமல் மருந்து கலந்து அமுக்குவதில் எனக்குள்ள வெறுப்புக்கு இந்தச் சரித்திரமும் ஒரு காரணம்.

விளக்கு

அதே 1996-லிருந்துதான் அமெரிக்காவில் விற்கும் கார்களும் இலகு ரக லாரிகளும் ஒரே விதமான பழுதறி முறையைக் கொண்டிருக்க வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது. ஓட்டுநர் முழங்காலுக்கு மேலே, முகப்புப் பலகையின் அடியில், பதினாறு ஊசித் துவாரங்கள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஸ்கேனர் என்னும் சிறிய கருவியை அதில் செருகினால், கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும் எண்ணைப் படிக்கலாம். ராம் வண்டியில் கருவியில்லாமலே படிக்கவும் ஓர் உபாயம் உண்டு. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், சாவியை ஐந்து வினாடிக்குள் ஆன், ஆஃப், ஆன், ஆஃப், ஆன் என்று திருப்பி நிறுத்தினால், முந்திய ஆண்டு வண்டிகளில் மஞ்சள் விளக்கே விட்டுவிட்டு மின்னி இரண்டு இலக்க எண்ணைச் சொல்லும். பிந்தியவற்றில் ஓடோமீட்டர்க் கட்டத்தில் எண் தோன்றும். மின்னலில் 55 வந்தால் செய்தி முடிந்தது என்று பொருள். 12 வந்தால் சமீபத்தில் பாட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். விற்பவர் முன்னிலையில் இந்த எண்ணைக் காண நேர்ந்தால், ஏன் கழற்றினார் என்று அவரை நேரிலேயே கேட்டுவிட வேண்டும்.

வண்டியை விலை பேசும்போதே செய்ய வேண்டியவை இரண்டு. சாவியை ஆனுக்குத் திருப்பினதும், எஞ்சின் ஓடத் தொடங்குமுன், மஞ்சள் விளக்கு ஒரு தரம் எரிந்தே ஆக வேண்டும். எரியாவிட்டால், பழுதில்லை என்று மகிழ்வதற்கில்லை. பல்பு போயிருக்கலாம், பிடுங்கப்பட்டும் இருக்கலாம். இரண்டாவது, ஸ்கேனரில் சுயபரிசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் பகுதியைப் பார்ப்பது. பழுது எண்களை யாராவது அழித்திருந்தால், இந்தப் பரிசோதனைகளும் சேர்ந்து அழிந்து, பல நாள் பலவிதமாக ஓட்டியபின்பே மறுபடி ஒவ்வொன்றாக நிறைவேறும். எண் ஒன்றுமில்லை, ஆனால் பரிசோதனைகளும் முடியவில்லை என்று கருவி காட்டினால், அந்த வண்டியின் சென்ற வாரத்துக் கதை மறைக்கப்பட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

எண் கிடைத்தபின் அதை எப்படிப் பொருள் கொள்வது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். அந்த எண் எந்த இடத்தில் அளவு மீறியது என்பதைச் சொல்லுமேயன்றி, எதனால் மீறியது என்பதைச் சொல்லாது. ஆக்ஸிஜன் சென்சாரின் பெயரில் எண் வந்தால், சென்சார் கெட்டிருக்கலாம். அது உள்ளபடியே நல்லதாக இருந்து, புகையில் கண்ட கோளாற்றைச் சரியாகவே அறிவித்துமிருக்கலாம். பி0420 என்று வந்தால் புகையைச் சுத்திகரிக்கும் காடலிடிக் கன்வர்ட்டர் திறனிழந்தது என்று பொருள். எண்ணெய்ப் புகை அதைக் கெடுத்திருந்தால், புதிய கன்வர்ட்டரும் அதே கதியடையும். பி0300 பல சிலிண்டர்களில் எரிதல் தவறுவதைச் சொல்லும். பி0301 முதல் பி0308 வரை எந்தச் சிலிண்டர் என்றும் சொல்லும். எரிதல் தவறுவது கடுமையாகி விளக்கு நின்று எரியாமல் விட்டுவிட்டு மின்னத் தொடங்கினால், பாரத்தைக் குறைத்து, வேகத்தைக் குறைத்து, கூடியவரையில் வண்டியை ஓரங்கட்டிவிட வேண்டும். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய்த் தீப்பிடித்து அதை உருக்கிவிடும். பி0455 வந்தாலோ, ஒன்றும் செய்யுமுன் பெட்ரோல் டாங்க் மூடியை இறுக்கிப் பார்ப்பது போதும்; அது ஆவி கசிவதைப் பற்றியது, சப்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இங்கே மேக்னம் எஞ்சினைப் பற்றி முக்கியமான ஒரு விஷயம் உண்டு. நாக்கிங்கைக் கேட்டறியும் சென்சார் இந்த எஞ்சினில் கிடையாது. அத்தகைய சென்சாருள்ள எஞ்சின்களில், சப்தம் எழுந்ததும் கம்ப்யூட்டர் அதை உணர்ந்து, பொறியிடும் நேரத்தைப் பின்தள்ளிவிடும். 1999 முதல் வந்த ஷெவ்ரலே சில்வராடோவின் 5.3 லிட்டர் எஞ்சினில் அந்தச் சென்சார்கள் இன்டேக் மேனிஃபோல்டின் அடியில் பள்ளத்தில் அமர்ந்திருக்கின்றன. பின்புறப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி அவை துருப்பிடித்தால் பி0332 போன்ற எண்ணோடு விளக்கு எரியும், வண்டி இழுவை குன்றும், ஆனால் சப்தம் கேட்காது. மேக்னத்தில் நேர்மாறு: கம்ப்யூட்டருக்கு இந்தச் சப்தம் கேட்பதே இல்லை. ஆதலால், இந்த எஞ்சினில் எரியும் விளக்கு சப்தத்தைப் பற்றியதாக இருக்கவே முடியாது. சப்தத்தை விளைவித்த காரணமே வேறொரு வழியாக விளக்கையும் எரித்திருக்கலாம்; அல்லது இரண்டுக்கும் யாதொரு உறவும் இல்லாதிருக்கலாம். இதைத் தீர்மானிக்க ஸ்கேனர் ஓர் உதவி செய்கிறது. எண் பதிவான கணத்தில் எஞ்சினின் சுழற்சி, உஷ்ணம், பாரம் முதலியவை எவ்வளவு என்பதையும் கம்ப்யூட்டர் சேர்த்தே குறித்து வைக்கிறது. அந்தக் குறிப்பு சூடான எஞ்சினையும் மிகுந்த பாரத்தையும் காட்டினால், சப்தம் எழும் சந்தர்ப்பமும் அதுவேயாதலால் இரண்டுக்கும் உறவுண்டு என்று கருதலாம். காலைக் குளிரில் நின்ற நிலையில் பதிவானதென்றால், தனித்தனியாகவே தேட வேண்டும்.

எண்ணெய் கசியும் அடித்தகடு

இப்போது அந்தச் சுபாவக் குறைக்கு வருவோம். மேக்னம் எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டு, உருண்டையான பீப்பாய் போன்ற அமைப்புடைய அலுமினிய வார்ப்பு. அதன் நடுவிலுள்ள காற்றறையின் அடிப்புறத்தை எஃகுத் தகடு ஒன்றால் மூடி, நடுவே கேஸ்கட் வைத்து போல்ட்டுகளால் முடுக்கியிருக்கிறார்கள். அலுமினியம் உஷ்ணத்தில் எஃகைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும். சூடாவதும் ஆறுவதுமாகப் பல்லாயிரம் தடவை இரண்டு உலோகங்களும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்க, நடுவிலுள்ள கேஸ்கட் தேய்ந்து பிதுங்கிப் பிளந்துவிடுகிறது. தகட்டுக்குக் கீழே இருப்பதோ எண்ணெய் தெறித்துக்கொண்டிருக்கும் எஞ்சின் பள்ளத்தாக்கு. காற்றறையின் உறிஞ்சும் வேகம் அந்த எண்ணெய் ஆவியைப் பிளவின் வழியாக மேலே இழுத்து, சிலிண்டர்களுக்கு ஊட்டிவிடுகிறது. எண்ணெய் கலந்த கலவையின் தாங்கும் சக்தி குறைகிறது; எரிந்த எண்ணெய் பிஸ்டன் தலைமேல் கரியாகப் படிந்து, உள்ளிடத்தைக் குறுக்கி அழுத்தத்தைக் கூட்டுகிறது, கனலாகவும் நிற்கிறது. சப்தம் பிறக்க இவை தாராளமாகப் போதும். அதே எண்ணெய் பிளக்குகளை நனைத்து எரிதலைத் தவறச் செய்வதாலும், ஆக்ஸிஜன் சென்சாரையும் கன்வர்ட்டரையும் பூசிவிடுவதாலும், விளக்கும் எரிகிறது. நாம் தேடிய சந்திப்பு இதுதான்.

இதைக் கண்டுபிடிக்க எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. எஞ்சினை நிறுத்தி, ஆற விட்டு, காற்று வடிகட்டிப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, த்ராட்டிலின் இரண்டு தகடுகளையும் விரலால் திறந்து பிடித்துக்கொண்டு, நல்ல டார்ச் ஒளியை உள்ளே நேராகச் செலுத்துங்கள். அடித்தளம் தெரியும். மங்கலாய், மெல்லிய பழுப்புப் படலத்தோடு உலர்ந்திருந்தால் குறையில்லை. கறுத்த எண்ணெய் குளம்போல் தேங்கி ஒளியில் பளபளத்தாலும், ஓரங்களில் ஈரக் கரி தடித்துக் கிடந்தாலும் கேஸ்கட் போயிற்று என்றே கொள்ளலாம். சந்தேகத்துக்கு இடமிருந்தால் இன்னொரு பரீட்சை: வால்வு மூடியில் செருகியிருக்கும் பிசிவி வால்வைக் கழற்றி, அதன் குழாயையும் மூடியிலுள்ள துவாரத்தையும் அடைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, எதிர்ப்புறத்து வால்வு மூடியிலுள்ள சுவாசத் துவாரத்தின்மேல் உள்ளங்கையை வையுங்கள். நல்ல எஞ்சினில் காற்று லேசாக வெளியே தள்ளும். உள்ளங்கையை உள்ளே உறிஞ்சினால், எஞ்சினின் அடிப்பகுதிக் காற்றைக் காற்றறை களவாக இழுத்துக்கொண்டிருக்கிறது. வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல், நீலப் புகையும் அவ்வளவாக இல்லாமல், எண்ணெய் மாத்திரம் ஆயிரம் மைலுக்கு ஒரு குவார்ட் வீதம் குறைந்து வருவதும் இதற்கு அனுகூலமான சாட்சி.

பிளக்குகளையும் கழற்றி, எந்தச் சிலிண்டரினுடையது என்று எழுதி வரிசையாக வைத்துப் பாருங்கள். கறுத்து நனைந்திருப்பது எண்ணெயைச் சொல்லும். வெண்பீங்கான் முனையில் மிளகுத் தூள் தூவினாற்போன்ற கரும்புள்ளிகளோ, மினுமினுக்கும் நுண்ணிய அலுமினியத் துகள்களோ காணப்பட்டால், நாக்கிங் பிஸ்டனையே அரிக்கத் தொடங்கியிருக்கிறது. அந்தச் சிலிண்டரின் அழுத்தத்தைக் கேஜ் வைத்து அளக்காமல் மேற்கொண்டு செலவு செய்ய வேண்டாம்.

அடித்தகடு குற்றமற்றதாகத் தெரிந்தால் மற்றக் காரணங்களுக்குப் போகலாம். இந்த எஞ்சினின் பொறி வரிசை 1-8-4-3-6-5-7-2. ஓட்டுநர் பக்கத்தில் கடைசியாக அடுத்தடுத்து நிற்கும் 5-ம் 7-ம் பொறியிடுவதிலும் அடுத்தடுத்தே வருவதால், அவற்றின் வயர்கள் ஒன்றையொன்று ஒட்டி நெடுந்தூரம் ஓடினால், ஐந்தாவதற்குரிய மின்துடிப்பு ஏழாவது வயரிலும் தூண்டப்பட்டு, அங்கே அகாலத்தில் பொறி விழும். வயர்களைப் பிரித்து விலக்கி வைப்பதற்குக் காசு செலவில்லை. பழைய கார்களில் செய்வதுபோல் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி நேரத்தைப் பின்தள்ளலாம் என்று யோசனை சொல்வோர் உண்டு. மேக்னத்தில் பொறி நேரத்தை நிர்ணயிப்பது கம்ப்யூட்டர், ஆதலால் திருப்பினால் நேரம் மாறாது, பெட்ரோல் தெளிக்கும் ஒழுங்குதான் கெடும். ரேடியேட்டர்ச் செதில்களில் மண்ணும் பூச்சியும் அடைந்திருப்பது, தெர்மாஸ்டாட் முழுதும் திறவாதது, விசிறியின் கிளட்ச் தளர்ந்தது ஆகிய உஷ்ணக் காரணங்களையும் ஒவ்வொன்றாய் நீக்க வேண்டும். கூலன்ட் காரணமில்லாமல் குறைந்துகொண்டே வந்தால், இந்த எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டுகளில் வால்வு இருக்கைகளுக்கு நடுவே விரிசல் விடும் வழக்கமுண்டு என்பதையும் மறக்கலாகாது.

பழுது நீக்குதல்

அடித்தகடே காரணமென்றால் மேனிஃபோல்டைக் கழற்றியே ஆக வேண்டும். பெட்ரோல் குழாயிலுள்ள அழுத்தத்தை முதலில் இறக்கி, கூலன்டை வடித்து, ஒவ்வொரு வயருக்கும் குழாய்க்கும் அடையாளச் சீட்டுக் கட்டியபின் தொடங்கினால், கைப்பழக்கமுள்ளவருக்கு ஒரு நாள் வேலை. புதிய கேஸ்கட் மாத்திரம் வைத்துப் பழைய எஃகுத் தகட்டையே முடுக்கினால், அதே விரிதல் சுருங்கல் மறுபடியும் தன் வேலையைச் செய்யும். தடித்த அலுமினியத் தகடு தனியாக விற்கிறார்கள், அதை வாங்கிப் போடுவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். அந்தத் தகட்டோடு வரும் போல்ட்டுகளையே உபயோகிக்க வேண்டும். பொருந்தாத நீளமுள்ள பழைய போல்ட், துவாரத்தின் அடியில் முட்டி நின்று, முடுக்கியதுபோல் ஏமாற்றும். மேனிஃபோல்டு வெளியே இருக்கும்போது உள்ளே ஊறிய எண்ணெயையும் கரியையும் முற்றிலும் கழுவிவிட வேண்டும். அதைச் சோம்பிவிட்டால், எஞ்சியிருக்கும் எண்ணெய் பல வாரங்களுக்குப் புதிய பிளக்குகளையும் நனைத்து, செய்த வேலை பலிக்கவில்லை என்ற பிரமையை உண்டாக்கும்.

சிலிண்டருக்குள் படிந்த கரி தகட்டை மாற்றியதால் மறைவதில்லை. அதற்கென்று விற்கும் கரிநீக்கி திரவத்தை, டப்பியில் எழுதியுள்ளபடி சூடான எஞ்சினுக்குள் செலுத்தி ஊறவிட்டு, பிறகு திறந்த சாலையில் ஓட்டி எரித்துவிட்டு, அதன்பின் எண்ணெயையும் ஃபில்டரையும் புதிய பிளக்குகளையும் மாற்றுங்கள். இந்த வரிசையை முன்பின்னாக மாற்றினால் புதிய எண்ணெயும் பிளக்கும் வீண். பிளக் இடைவெளி எவ்வளவு என்பது பானட்டின் அடியில் ஒட்டியுள்ள சீட்டிலேயே அச்சாகியிருக்கும்.

எண்களை அழிப்பது இதற்கெல்லாம் பிறகுதான். அழிக்குமுன் அவற்றையும் அவற்றோடு பதிவான குறிப்புகளையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 87 எண் பெட்ரோல் நிரப்பி, முன்பு சப்தம் எழுந்த அதே மேட்டில், அதே பாரத்தோடு, எஞ்சின் நன்றாகச் சூடேறிய நேரத்தில் ஏறிப் பாருங்கள். சுயபரிசோதனைகள் யாவும் நிறைவேறியபின்னும் விளக்கு எரியாதிருந்தால் அதன் காரணமும் தீர்ந்தது. பி0420 மாத்திரம் திரும்பி வந்தால், எண்ணெயால் கெட்ட கன்வர்ட்டரை மாற்ற இப்போதுதான் காலம். கசிவு நின்றுவிட்டதால் புதியது நிலைக்கும். முதல் மூவாயிரம் மைல் வரையில், பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு தடவையும் எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்து நோட்டில் குறித்து வாருங்கள். எண்ணெய் இன்னும் குறைந்துகொண்டே போனால், பிஸ்டன் வளையங்களையும் வால்வு சீல்களையும் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு அடுத்த அத்தியாயத்தில் சொல்லும் கசிவுப் பரீட்சையிலிருந்து தொடங்கலாம்.